பொகோட்டாவுக்குப் போன சென்டர் ஹாஃப்

போன வாரம் டீ பிரேக்ல ஒரே விவாதம். எங்க டீம்ல ஒரு பையன் பேப்பர் போட்டுட்டான். ப்ராஜெக்ட் ரிலீசுக்கு இன்னும் ரெண்டு மாசம் கூட இல்லை. "இப்படி நட்டாத்துல விட்டுட்டுப் போறது நியாயமா?"ன்னு ஒரு கோஷ்டி. "கேட்ட ஹைக்கைக் குடுக்கலை, அப்புறம் அவன் எதுக்கு இருக்கணும்?"னு இன்னொரு கோஷ்டி. நான் ரெண்டு பக்கமும் தலையாட்டிட்டு டீயைக் குடிச்சேன். ஆனா மனசுல ஓடினது எங்க ஆபீஸ் ஆளு யாரும் இல்லை. நீல் ஃபிராங்க்ளின்.

யாருன்னு தெரியலையா? தப்பே இல்லை. இங்கிலாந்து கால்பந்து பற்றிப் பேசுகிறவர்கள் ஸ்டான்லி மேத்யூஸ், டாம் ஃபின்னி, பில்லி ரைட்னு வரிசையா சொல்வாங்க. ஃபிராங்க்ளின் பேர் அபூர்வமாத்தான் வரும். ஆனா 1950 ஏப்ரல் மாசம் நீங்க ஒரு இங்கிலாந்து ரசிகரைப் பிடிச்சு "உங்க நாட்டோட சிறந்த தடுப்பாட்டக்காரர் யாரு?"ன்னு கேட்டிருந்தா, பெரும்பாலும் இந்தப் பேரைத்தான் சொல்லியிருப்பார். ஒரே மாசம் கழிச்சு அதே பேரைச் சொல்லி திட்டியிருப்பார். அந்த ஒரு மாசத்துல என்ன நடந்தது என்பதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

சென்டர் ஹாஃப் என்றால் என்ன?

முதல்ல கொஞ்சம் தியரி. இதைச் சொல்லாம அவர் ஆட்டத்தோட அருமை புரியாது.

அந்தக் காலத்தில் எல்லா அணிகளும் பின்னால் 2 பேர், நடுவில் 3 பேர், முன்னால் 5 பேர் என்ற அமைப்பில் ஆடின. நடுவில் இருக்கும் மூணு பேருக்கு ஹாஃப் பேக் என்று பெயர். அவர்களில் நடுநாயகமாக நிற்பவர்தான் சென்டர் ஹாஃப். மொத்த ஆட்டமும் அவர் காலில்தான் சுத்தும். தாக்குதலுக்கும் அவர்தான், தடுப்புக்கும் அவர்தான்.

1925-ல் ஆஃப்சைடு விதியை மாத்தினாங்க. அதுவரைக்கும் முன்கள வீரருக்கும் கோல் லைனுக்கும் நடுவுல எதிரணி ஆளுங்க மூணு பேர் இருக்கணும். இனி ரெண்டு பேர் இருந்தா போதும்னு ஆச்சு. விளைவு? இங்கிலாந்து முதல் டிவிஷனில் 1924-25 சீசனில் மொத்தம் 1192 கோல். அடுத்த சீசனில் 1703! ஒரே ஒரு கண்டிஷனில் மூணை ரெண்டாக்கினா மொத்த சிஸ்டமும் ஆடிப்போகும்னு நமக்குத் தெரியாதா என்ன :-)

இதுக்கு மருந்து கண்டுபிடிச்சவர்களில் முக்கியமானவர் ஆர்சனல் மேனேஜர் ஹெர்பர்ட் சாப்மன். நியூகாசில்கிட்ட 7-0ன்னு உதை வாங்கின கையோடு, சென்டர் ஹாஃபை நடுவிலிருந்து பிடுங்கி ரெண்டு பேக்குகளுக்கு நடுவில் நிறுத்திவிட்டார். அடுத்து வந்த ஹெர்பி ராபர்ட்ஸ் அந்த இடத்துக்கே ஒரு இலக்கணம் ஆனார். அவர் வேலை ரொம்ப சிம்பிள். எதிரணி சென்டர் ஃபார்வர்டை நிழல் மாதிரி தொடர்வது. பந்து வந்தால் தலையால் முட்டித் தள்ளுவது, இல்லை கண்ணை மூடிக்கொண்டு தூர உதைப்பது. போலீஸ்காரன் என்றே அந்த இடத்துக்குப் பட்டப்பேர். பேர் மட்டும் பழைய சென்டர் ஹாஃப், வேலை வேற.

எல்லா கிளப்பும் இதைக் காப்பி அடித்தது. அடுத்த இருபது வருஷத்துக்கு இங்கிலாந்தில் சென்டர் ஹாஃப் என்றால் உயரமான, முரட்டுத்தனமான, பந்தைக் கண்டாலே பயப்படுகிற ஒரு ஆள் என்று ஆகிப்போனது. பந்தை வைத்துக்கொண்டு ஏதாவது செய்யப் போனால் மேனேஜரே திட்டுவார்.

ஃபிராங்க்ளின் அதே இடத்தில், அதே 5-ஆம் நம்பர் சட்டையில் நின்றார். ஆனால் அந்த வேலையை வேறு மாதிரி செய்தார்.

அவர் ஆட்டம்

1922-ல் ஸ்டோக்-ஆன்-டிரென்ட்டில் பிறந்தவர். பீங்கான் சாமான் செய்கிற ஊர். சூளைப் புகைதான் ஊரின் அடையாளம். உள்ளூர் கிளப்பான ஸ்டோக் சிட்டியில் சின்னப் பையனாகச் சேர்ந்து, பெரிய ஆட்டத்துக்கு வரும் நேரம் பார்த்து இரண்டாம் உலகப்போர். விமானப்படையில் இருந்துகொண்டே போர்க்கால ஆட்டங்களில் ஆடினார். போர் முடிந்து முறையான லீக் திரும்பத் தொடங்கியபோது வயது 24. முழுசாகத் தேறிய ஆட்டக்காரர்.

பந்து உயரமாக வந்தால் மற்ற சென்டர் ஹாஃப் எல்லாம் கூட்டத்துக்குள் தட்டிவிடுவார்கள். இவர் அதைக் காலில் இறக்குவார், அதுவும் சொந்த பெனால்டி ஏரியாவுக்குள்ளேயே. முன்னால் ஓடிவருகிற ஃபார்வர்டை ஒரு பொய் அசைவு காட்டி வேறு பக்கம் போகவிட்டு, நிதானமாக தலையைத் தூக்கிப் பார்த்து, பக்கத்தில் நிற்கும் விங் ஹாஃபுக்கு தரையோடு ஒரு பாஸ். அவ்வளவுதான். தடுப்பாக இருந்தது அந்த நொடியில் தாக்குதலாக மாறிவிடும்.

இன்னிக்கு இது நமக்கு ஒரு விஷயமே இல்லை. கோல் கீப்பரே காலால் பாஸ் போட்டு ஆட்டத்தைத் தொடங்குகிற காலம் இது. ஆனா அன்னிக்கு இருந்த நிலைமையைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. தோல் பந்து. மழை பெய்தால் தண்ணியைக் குடித்து கல்லு மாதிரி கனக்கும். டிசம்பர், ஜனவரி மாசத்து மைதானம் நம்ம ஊர் நாத்து நடுற வயல் மாதிரி இருக்கும். தோளால் இடித்துத் தள்ளுவது விதிப்படி சரி, கோல் கீப்பரையே இடிக்கலாம். அடிபட்டால் மாற்று ஆட்டக்காரர் கிடையாது, பத்து பேரோடுதான் மிச்ச ஆட்டம். அந்தச் சேற்றில் சொந்த கோலுக்குப் பத்து அடி முன்னால் நின்றுகொண்டு பந்தை நிதானமாகக் கையாள்வதற்கு எவ்வளவு தைரியம் வேணும்!

இன்னொரு விஷயம், அவருடைய சுத்தமான ஆட்டம். எதிரியை இடித்து வீழ்த்துவது அவர் பாணி இல்லை. பந்து எங்கே வரப்போகுதுன்னு முன்கூட்டியே கணித்து அங்கே போய் நிற்பவர். போலீஸ்காரன் துரத்திப் பிடிப்பான், இவர் முன்னாடியே போய் காத்திருப்பார். அவரோடு ஆடிய மேத்யூஸ், ஃபின்னி மாதிரி ஆட்களே தாங்கள் பார்த்த சிறந்த சென்டர் ஹாஃப் இவர்தான்னு பிற்காலத்தில் சொல்லியிருக்காங்க.

போருக்குப் பிறகு இங்கிலாந்தின் முதல் அதிகாரபூர்வ ஆட்டம் 1946 செப்டம்பர் 28-ல், பெல்ஃபாஸ்டில், 7-2 வெற்றி. அதில் சென்டர் ஹாஃப் ஃபிராங்க்ளின். அங்கிருந்து 1950 ஏப்ரல் 15-ல் ஹாம்ப்டன் பார்க்கில் ஸ்காட்லாந்தை 1-0 என்று ஜெயித்தது வரைக்கும் தொடர்ச்சியாக 27 ஆட்டம். ஒண்ணு கூட மிஸ் ஆகலை. லிஸ்பனில் போர்ச்சுகலை 10-0 என்று துவைத்ததும், டியூரினில் இத்தாலியை அவங்க மண்ணிலேயே 4-0 என்று சாய்த்ததும் இந்தக் கணக்கில் அடக்கம். அணியைத் தேர்ந்தெடுத்தது ஒரு கமிட்டி. இஷ்டத்துக்கு ஆளை மாத்திக்கிட்டே இருக்கிற கமிட்டி. அவங்களே நாலு வருஷம் கை வைக்காத இடம் அது.

கிளப் பக்கமும் சும்மா இல்லை. 1946-47 சீசனில் ஸ்டோக் சிட்டி பட்டத்தைத் தொட்டுவிடும் தூரத்தில் இருந்தது. அந்தக் குளிர்காலம் படு மோசம் என்பதால் சீசன் ஜூன் வரைக்கும் இழுத்தது. கடைசி ஆட்டத்தில் ஷெஃபீல்ட் யுனைடெடை ஜெயித்தால் கோப்பை. 2-1 என்று தோத்துப் போனார்கள். பட்டம் லிவர்பூலுக்கு. இதில் வயித்தெரிச்சல் என்னன்னா, அதுக்குச் சில வாரம் முன்னாடிதான் மேனேஜரோடு ஒத்துப்போகாத மேத்யூஸை 11,500 பவுண்டுக்கு பிளாக்பூலுக்கு விற்றிருந்தார்கள். மூணு ஆட்டம் பாக்கி இருக்கும்போது! வயசாகிடுச்சுன்னு நினைச்சாங்க போல. அவர் அதுக்கப்புறம் 1965 வரைக்கும் ஆடினார் என்பது தனிக்கதை.

12 பவுண்ட்

இப்போ சம்பளக் கதைக்கு வருவோம். நமக்கு நெருக்கமான சப்ஜெக்ட் ஆச்சே.

இங்கிலாந்து லீக்கில் 1901-லிருந்து அதிகபட்ச சம்பளம் என்று ஒரு உச்சவரம்பு இருந்தது. அன்னிக்கு வாரம் 4 பவுண்ட். மெல்ல மெல்ல ஏறி 1947-ல் 12 பவுண்ட். அதுவும் சீசன் நடக்கும்போது மட்டும், கோடையில் 10. நீங்க நாட்டுலயே சிறந்த சென்டர் ஹாஃபா இருந்தாலும் சரி, சுமாரான ஆளா இருந்தாலும் சரி, 12 பவுண்டுக்கு மேல ஒரு பைசா கிடையாது. ஒரு சாதாரணத் தொழிலாளியின் கூலியைவிட அதிகம்தான், மறுக்கலை. ஆனா வாசல்ல நடந்த வசூலைப் பாருங்க. 1948-49 சீசனில் லீக் ஆட்டங்களைப் பார்க்க வந்தவர்கள் 4 கோடியே 10 லட்சத்துக்கும் மேல். டிவி இல்லாத, போர் முடிந்து எல்லாரும் மைதானத்துக்கு ஓடிவந்த காலம். அந்தக் காசெல்லாம் எங்கே போச்சு?

சரி, பிடிக்கலைன்னா வேற கிளப்புக்குப் போக வேண்டியதுதானேன்னு கேட்பீங்க. அங்கதான் இன்னொரு கண்ணி. ஆட்டக்காரரின் ஒப்பந்தம் ஒவ்வொரு வருஷமும் முடியும். ஆனால் கிளப் நினைத்தால் "இவரை நாங்க வச்சுக்கிறோம்" என்று பட்டியலில் போட்டுவிடலாம். போட்டுவிட்டால் அவர் வேறு எந்த லீக் கிளப்பிலும் ஆட முடியாது. கிளப் சொல்கிற சம்பளத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் சம்பளமும் கிடையாது. அதாவது ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஆள் அவர்களுக்குச் சொந்தம்!

நானும் முதல் வேலையில் ரெண்டு வருஷ பாண்டுல கையெழுத்து போட்டவன்தான். ஒரிஜினல் மார்க் ஷீட் எல்லாம் அவங்க பீரோவில். அம்மா தினமும் "அது பத்திரமா இருக்காடா?"ன்னு கேட்பாங்க. ஆனா ஒண்ணு, ரெண்டு வருஷம் முடிஞ்ச அன்னிக்கு கையில குடுத்துட்டாங்க. ஃபிராங்க்ளினுக்கு அந்த முடிவு தேதியே கிடையாது. கிளப் மாறினால்கூட ஆட்டக்காரருக்கு விதிப்படி கிடைப்பது 10 பவுண்ட் மட்டும். மேத்யூஸை விற்ற 11,500-ல் மேத்யூஸுக்கு உரிமையான பங்கு அவ்வளவுதான்.

கொலம்பியா எங்கிருந்து வந்தது?

இந்த நேரத்தில் கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு வினோதம் நடந்துகொண்டிருந்தது.

1948 ஏப்ரலில் கொலம்பியாவில் கைதான் என்ற மக்கள் தலைவரைச் சுட்டுக் கொன்றார்கள். தலைநகர் பொகோட்டா பற்றி எரிந்தது. நாடு முழுக்க வருஷக்கணக்கில் ரத்தக்களரி. அதே 1948-ல்தான் அங்கே தொழில்முறை கால்பந்து லீக்கும் தொடங்கியது. அடுத்த வருஷமே அந்த லீக் நாட்டின் அதிகாரபூர்வ கால்பந்து சங்கத்தோடு சண்டை போட்டுப் பிரிந்தது. ஃபிஃபாவும் அவர்களை ஒதுக்கிவைத்தது.

ஒதுக்கிவைத்ததில் அவர்களுக்கு ஒரு லாபம் கிடைத்தது. ஃபிஃபாவில் இல்லை என்றால் ஃபிஃபா விதியும் இல்லை. வேற நாட்டு கிளப்பிலிருந்து ஆளைக் கூட்டிட்டு வந்தால் அந்த கிளப்புக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. மிச்சமாகும் பணத்தை ஆட்டக்காரருக்கே கொடுக்கலாம். சரியாக அதே சமயம் அர்ஜென்டினாவில் ஆட்டக்காரர்கள் சம்பளத்துக்காக வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். பெடர்னேரா, ரோஸ்ஸி, இளைஞர் ஆல்ஃபிரெடோ டி ஸ்டெஃபானோ என்று பெரிய தலைகள் எல்லாம் பொகோட்டாவின் மில்லோனாரியோஸ் கிளப்புக்கு வந்து இறங்கினார்கள். அந்தக் காலகட்டத்துக்கு இன்னிக்கும் 'எல் டொராடோ' என்றுதான் பெயர். தங்க நகரம்!

அதே ஊரில் போட்டி கிளப் இண்டிபெண்டியன்டே சான்டா ஃபே. அவர்கள் இங்கிலாந்துப் பக்கம் வலை வீசினார்கள். ஃபிராங்க்ளினுக்குச் சொல்லப்பட்ட கணக்கு வாரம் 60 பவுண்ட், ஜெயித்தால் 35 பவுண்ட் போனஸ், அதுக்கு மேல் கையெழுத்துப் பணம் தனி. அதாவது அஞ்சு மடங்கு ஹைக். நம்ம மக்கள் முப்பது பெர்சன்ட்டுக்கே பேப்பர் போடுவோம்.

1950 ஜூனில் பிரேசிலில் உலகக்கோப்பை. இங்கிலாந்து வாழ்க்கையில் முதல்முறையாக கலந்துகொள்ளப் போகும் உலகக்கோப்பை. ஃபிராங்க்ளின் தன்னை அணியில் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். மனைவி கர்ப்பமாக இருந்தார், அதைத்தான் காரணமாகச் சொன்னார். அது உண்மைதான். ஆனால் முழு உண்மை இல்லை. மே மாதம் ஸ்டோக் அணியின் விங்கர் ஜார்ஜ் மவுன்ட்ஃபோர்டோடு பொகோட்டாவுக்குக் கிளம்பிப் போய்விட்டார். விஷயம் வெளியே வந்தபோது இங்கிலாந்துப் பத்திரிகைகள் துரோகி ரேஞ்சுக்கு எழுதின.

எனக்கு அவர்மேல் இருக்கிற ஒரே வருத்தம் இங்கேதான். போனது தப்பில்லை. சொல்லாமல் போனதுதான் உறுத்துது. ஆனா சொல்லியிருந்தா விட்டிருப்பாங்களா? அதுவும் சந்தேகம்தான்.

ஆறு ஆட்டம்

கனவு எவ்வளவு நாள் நீடித்தது தெரியுமா? சான்டா ஃபேக்காக அவர் ஆடியது ஆறே ஆறு லீக் ஆட்டம்.

பொகோட்டா கடல் மட்டத்திலிருந்து சுமார் 2600 மீட்டர் உயரம். நம்ம ஊட்டியைவிட உசரம். அங்கே தொண்ணூறு நிமிஷம் ஓடினால் மூச்சு எப்படி வாங்கும்னு யோசிங்க. பாஷை தெரியாது. வெளியில் அரசியல் கொலைகள், சாயங்காலம் ஆனால் ஊரடங்கு. சொன்ன பணத்திலும் நிபந்தனைகளிலும் இழுபறி. பிரசவத்துக்குக் காத்திருக்கிற மனைவி. எல்லாம் சேர்ந்து மூணாவது மாசத்துக்குள் குடும்பத்தோடு ஊர் திரும்பிவிட்டார். கூடப் போன மவுன்ட்ஃபோர்டு அவரைவிட அதிக நாள் தாக்குப்பிடித்தார்.

ஆன்சைட் போன புதுசுல முதல் மாசம் எப்படி இருக்கும்னு போனவங்களுக்குத் தெரியும். ஆனா நமக்குத் திரும்பி வர டிக்கெட்டும் இருக்கும், வந்தா உட்கார சீட்டும் இருக்கும். அவருக்கு ரெண்டும் இல்லை.

இங்கிலாந்து கால்பந்து சங்கம் விசாரணை வைத்து 1951 ஜனவரி முடியும் வரை தடை போட்டது. ஸ்டோக் சிட்டி அவரைத் திரும்ப ஆடவிடத் தயாராக இல்லை. ஆனால் ஒரு வேடிக்கை பாருங்க, அவர் அவங்க கண்ணுக்குத் துரோகி, ஆனா அவருடைய பதிவு மட்டும் அவர்களுக்குச் சொந்தம்! தடை முடிந்ததும் 1951 பிப்ரவரியில் இரண்டாவது டிவிஷனில் இருந்த ஹல் சிட்டிக்கு 22,500 பவுண்டுக்கு விற்றார்கள். தடுப்பாட்டக்காரர் ஒருவருக்கு அன்னிக்கு அது மிகப் பெரிய தொகை. அப்போது ஹல்லின் மேனேஜராக இருந்தவர் ரைச் கார்ட்டர், தானும் பெரிய ஆட்டக்காரர், ஃபிராங்க்ளினின் மதிப்பு தெரிந்தவர். யாரை ஓடிப்போனவர் என்று ஊரே திட்டியதோ, அவரை வைத்து ஸ்டோக் சம்பாதித்தது 22,500. அவர் விதிப்படி வாங்கியிருக்கக்கூடியது அதே 10 பவுண்ட்.

ஹல்லில் காயங்களோடு மல்லுக்கட்டி 1956 வரைக்கும் 95 லீக் ஆட்டம் ஆடினார். பிறகு க்ரூ, ஸ்டாக்போர்ட் என்று கீழே கீழே. அந்த 1956-லேயே 'சாக்கர் அட் ஹோம் அண்ட் அப்ராட்' என்ற பெயரில் தன் கதையைப் புத்தகமாகவும் எழுதினார். ஆட்டத்தை விட்ட பிறகு சைப்ரஸில் அபோயல் அணிக்குப் பயிற்சியாளர், அப்புறம் 1963-லிருந்து 1968 வரை கோல்செஸ்டர் யுனைடெட் மேனேஜர். அங்கே ஒரு தடவை கீழ் டிவிஷனுக்கு இறங்கி, மறுவருஷமே ஏறி, மறுபடி இறங்கியதும் வேலை போனது. அதன்பின் லங்காஷயரில் ஒரு மதுக்கடை நடத்தினார்.

இங்கிலாந்து அணி? 27-லேயே நின்னுபோச்சு. 28-வது ஆட்டம் வரவே இல்லை. கடைசி ஆட்டம் ஆடியபோது அவருக்கு வயது 28. ஒரு சென்டர் ஹாஃபுக்கு அதுதான் உச்சகட்ட வயது.

இங்கிலாந்து என்ன இழந்தது?

1950 ஜூன் 29, பெலோ ஹொரிசொன்டே. இங்கிலாந்து 0, அமெரிக்கா 1. உலகக்கோப்பை வரலாற்றின் மிகப் பெரிய அதிர்ச்சிகளில் ஒண்ணு. ஃபிராங்க்ளின் இருந்திருந்தா இது நடந்திருக்காதுன்னு நிறைய பேர் எழுதுவாங்க. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. டேட்டாவைப் பாருங்க. அந்த உலகக்கோப்பையில் இங்கிலாந்து ஆடியது மூணு ஆட்டம். சிலியோடு 2-0 வெற்றி, அமெரிக்காவோடும் ஸ்பெயினோடும் 0-1 தோல்வி. மூணு ஆட்டத்தில் வாங்கியது மொத்தம் ரெண்டே கோல். அவருக்குப் பதிலாக நின்ற லிவர்பூலின் லாரி ஹியூஸ் தன் வேலையைச் செய்தார். கோல் போடாததுதான் பிரச்னை. சென்டர் ஹாஃபைக் குறை சொல்வது, பக் இருக்கிற மாட்யூலை விட்டுட்டு வேற மாட்யூல்ல தேடுற மாதிரி.

உண்மையான நஷ்டம் அதுக்கப்புறம்தான் தெரிஞ்சது. 1950 மே மாசத்திலிருந்து 1954 ஜூன் வரைக்கும் அந்த ஒரு இடத்தில் இங்கிலாந்து 11 பேரை முயற்சி பண்ணியது. ஒரு முழு டீம்! அதில் ஒருத்தர் ஆர்சனலின் லெஸ்லி காம்ப்டன். முதல் ஆட்டம் ஆடும்போது அவருக்கு வயது 38. பேர் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? கிரிக்கெட் வீரர் டெனிஸ் காம்ப்டனின் அண்ணன்தான், இவரும் மிடில்செக்ஸுக்கு விக்கெட் கீப்பர். 38 வயசு ஆளைக் கூப்பிட்டாங்க, ஆனா ஹல்லில் ஆடிக்கொண்டிருந்த ஃபிராங்க்ளினைக் கூப்பிடவில்லை. கோபம் அவ்வளவு ஆழம்.

1953 நவம்பர் 25, வெம்ப்ளி. ஹங்கேரி 6-3 என்று இங்கிலாந்தை அவங்க வீட்டிலேயே வைத்து அடித்தது. ஹங்கேரியின் சென்டர் ஃபார்வர்டு ஹிடெக்குட்டி 9-ஆம் நம்பர் போட்டுக்கொண்டு முன்னால் நிற்காமல் நடுக்களத்தில் போய் நின்றார். இங்கிலாந்து சென்டர் ஹாஃப் ஹாரி ஜான்ஸ்டனுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. பின்னால் போனால் கோலுக்கு முன்னால் ஓட்டை. போகாவிட்டால் ஹிடெக்குட்டி சுதந்திரமாகப் பந்தை வைத்துக்கொண்டு விளையாடுகிறார். அவர் மட்டும் மூணு கோல். நிழல் மாதிரி தொடரச் சொல்லிப் பழக்கப்பட்ட போலீஸ்காரன், திருடன் வீட்டுக்கே வராதபோது என்ன செய்வான்? அடுத்த மே மாதம் புடாபெஸ்டில் 7-1.

ஃபிராங்க்ளின் இருந்திருந்தா ஜெயிச்சிருப்பாங்கன்னு நான் சொல்ல வரலை. அன்னிக்கு அவருக்கு 31 வயசு, மற்ற எல்லா இடத்திலும் ஹங்கேரி மேலே இருந்தது. ஆனா ஆளைத் தொடராமல் ஆட்டத்தைப் படித்து ஆடுகிற ஒரு சென்டர் ஹாஃப் இங்கிலாந்திடம் இருந்தார், அந்தப் பாணியைப் பார்த்து நாலு பேர் வளர்ந்திருப்பார்கள், அந்தச் சங்கிலி அறுந்துபோனது. கடைசியில் 1954 உலகக்கோப்பையில் விங் ஹாஃபாக இருந்த கேப்டன் பில்லி ரைட்டை அந்த இடத்துக்கு மாத்தித்தான் ஓட்டையை அடைத்தார்கள். ரைட் மொத்தம் 105 ஆட்டம் ஆடி, நூறைத் தாண்டிய உலகின் முதல் ஆட்டக்காரர் ஆனார். ஒருவர் விட்டுப்போன சீட்டு இன்னொருவருக்கு.

யார் சரி?

பொகோட்டா போனவர்களில் இன்னொருவர் மான்செஸ்டர் யுனைடெட்டின் விங்கர் சார்லி மிட்டன். அவர் ஒரு வருஷம் முழுக்க இருந்து, ஆடி, சம்பாதித்துத் திரும்பினார். அவருக்கும் ஆறு மாசத் தடை, 250 பவுண்ட் அபராதம், யுனைடெட் அவரை ஃபுல்ஹாமுக்கு விற்றுவிட்டது. ஆனாலும் நல்ல அனுபவம் என்றுதான் பேசினார். ஒரே ஊர், ஒரே கிளப், ஒரே வருஷம். ஒருத்தருக்குத் தங்க நகரம், இன்னொருத்தருக்கு நரகம்.

கொலம்பியாவின் அந்த லீக்கும் நீடிக்கவில்லை. 1951-ல் லிமாவில் ஒரு ஒப்பந்தம் போட்டு, 1954-க்குள் வெளிநாட்டு ஆட்டக்காரர்களைத் திருப்பி அனுப்ப ஒத்துக்கொண்டு ஃபிஃபாவோடு சமாதானம் ஆனார்கள். டி ஸ்டெஃபானோ ரியல் மாட்ரிட் போய் உலகப்புகழ் பெற்றார். இங்கிலாந்தில் உச்சவரம்பு 1951-ல் 14 பவுண்ட், 1953-ல் 15, 1957-ல் 17, 1958-ல் 20 என்று நத்தை மாதிரி ஏறியது. 1961 ஜனவரியில் ஜிம்மி ஹில் தலைமையில் ஆட்டக்காரர்கள் சங்கம் வேலைநிறுத்தம் என்று மிரட்டிய பிறகுதான் ஒழிந்தது. உடனே ஃபுல்ஹாம் ஜானி ஹேன்ஸுக்கு வாரம் 100 பவுண்ட் கொடுத்தது.

ஆளைப் பிடித்துவைக்கும் விதி? அதை நியூகாசிலின் ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் கோர்ட்டுக்கு இழுத்தார். 1963-ல் அது நியாயமற்ற கட்டுப்பாடு என்று தீர்ப்பு. இதில் ஒரு கூத்து, ஈஸ்ட்ஹாம் சண்டை போட்டபோது நியூகாசிலுக்கு மேனேஜர் யார் தெரியுமா? பொகோட்டா போய்வந்த அதே சார்லி மிட்டன்! டெவலப்பரா இருந்தப்போ ஹைக் கேட்டவர், மேனேஜர் ஆனதும்... சரி விடுங்க, எங்க மேனேஜரும் இந்தப் பதிவைப் படிக்கலாம் :-)

ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் இலவசமாக வேறு கிளப்புக்குப் போகலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் போஸ்மன் வழக்கில் சொன்னது 1995 டிசம்பர் 15-ல். நீல் ஃபிராங்க்ளின் இறந்தது 1996 பிப்ரவரி 9-ல், 74 வயசில். ரெண்டுக்கும் நடுவுல ரெண்டு மாசம் கூட இல்லை. அந்தச் செய்தியை அவர் படித்திருப்பாரா, படித்தபோது என்ன நினைத்திருப்பார் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

அவர் புரட்சி பண்ணப் போகலை. சங்கம் சேர்க்கலை, கோர்ட்டுக்குப் போகலை. குடும்பத்துக்குக் கொஞ்சம் காசு சேர்க்கலாம்னு போனார். தப்பான இடத்துக்குப் போனார், சொல்லாமல் போனார், சீக்கிரம் திரும்பிட்டார். அதுக்கு அவர் கொடுத்த விலை மிச்ச ஆட்டக்காலம் முழுவதும். அவர் கேட்ட விஷயம் நியாயமானதுதான்னு பதினோரு வருஷம் கழிச்சு எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. அதுக்குள்ள அவர் மைதானத்தை விட்டே போயிட்டார்.

அந்தப் பையன் விஷயம்: நேத்து அவன்கிட்ட தனியாப் பேசினேன். "போறதுன்னு முடிவு பண்ணிட்டா போ. ஆனா மேனேஜர்கிட்ட உண்மையான காரணத்தைச் சொல்லிட்டுப் போ, போற இடத்தைப் பத்தி நாலு பேர்கிட்ட நல்லா விசாரிச்சுக்கோ"ன்னேன். ஃபிராங்க்ளின் கதையையும் சொன்னேன். முழுசாக் கேட்டுட்டு, "அண்ணா, அவர் திரும்பி வந்தப்போ ஸ்டோக் ரசிகர்கள் யாராவது அவர்கிட்ட பேசினாங்களா?"ன்னு கேட்டான். எனக்குப் பதில் தெரியலை. நாங்க பேசுவோம்டான்னு மட்டும் சொன்னேன்.

பி.கு: உங்களைப் பொறுத்தவரை அவர் துரோகியா, இல்லை பத்து வருஷம் முன்னாடி பிறந்துட்ட ஆளா? பின்னூட்டத்துல சொல்லுங்க.